சோறு மண்ணாகும் வாசனை

எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு மீந்து போகும் சோற்றை அள்ளிக்கொண்டு போனால் பக்கத்து ஊருக்கே பந்தி போடலாம். இப்படிச் சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தச் சோற்றைத் தினமும் வாளி வாளியாக வாங்குகிறவள் நான், எனக்குத் தெரியாதா? பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. நெடுஞ்சாலையை ஒட்டிப் பிரியாணிக் கடைகள், நடுநடுவே கல்யாண மண்டபங்கள், ஷூ கம்பெனிகள், அவற்றின் கேன்டீன்கள். சமைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பயம்தான்: பத்தாமல் போனால் மானம் போய்விடுமே. மீந்து போனால் யாருக்கும் மானம் போவதில்லை. அது பேட்டரி வண்டியில் ஏறி என்னிடம் வந்துவிடும்.

எங்கள் மகளிர் குழு நடத்தும் உரக்கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றதும் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கூரை, அதன் கீழே இரண்டு வரிசைச் சிமென்ட் தொட்டிகள், ஓரத்தில் காய்ந்த இலையும் மரத்தூளும் குவித்த ஒரு மூலை, வாசலில் ஒரு வேப்ப மரம். வண்டியில் வரும் சோற்றிலிருந்து பிளாஸ்டிக்கையும் எலும்பையும் பொறுக்கித் தள்ளிவிட்டு, ஒரு அடுக்கு சோறு, ஒரு அடுக்கு காய்ந்த இலை, மேலே சாணிக் கரைசல் என்று தொட்டியை நிரப்புவோம். பிறகு அது தானாகச் சூடேறும். இரும்புக் கம்பியை உள்ளே குத்தி வைத்து, உருவித் தொட்டுப் பார்த்தால் கை சுட வேண்டும். சுட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்த நேரம் காலைதான். பூட்டைத் திறந்து உள்ளே போனால் தொட்டிகளின் மேல் ஆவி நிற்கும். தகரத்தின் ஓட்டைகள் வழியாக இறங்கும் வெயில் அந்த ஆவிக்குள் குச்சி குச்சியாகத் தெரியும். யார் கல்யாணத்திலோ யாரோ போதும் போதும் என்று கையை நீட்டித் தடுத்த சோறு, எந்தக் குழந்தையோ தட்டிவிட்ட தயிர்ப் பச்சடி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்திரிக்காயின் காம்புகள், பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்கள் எல்லாம் கீழே ஒன்றாகக் கிடந்து இரண்டாவது தடவை வெந்துகொண்டிருக்கும். தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் வெதுவெதுப்பு மெல்ல மேலே ஏறும். ஊரே ஒரு பெரிய வயிறு, அதற்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றும். அப்படியே கண் சொக்கிவிடும்.

"இன்னா, தூங்கிட்டியா? சோத்த வேக வைக்க வந்தியா, இல்ல நீ வேக வந்தியா?" என்று என்னை எழுப்புவது என்னோடு வேலை செய்யும் அக்கா. சொந்த அக்கா இல்லை. ஒரே தெருவில் வளர்ந்தோம். அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தோல் ஷாப்பில் வேலை செய்தார்கள்; தோல் பதனிடும் தொழிற்சாலையை நாங்கள் ஷாப் என்போம். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூப்பு, வாயில் என்னைவிட ரொம்ப நீளம்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊருக்கு மூக்கு கிடையாது. வெளியூர்ப் பஸ் எங்கள் எல்லைக்குள் நுழைந்ததும் உள்ளே இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், முந்தானையை இழுத்து மூக்கில் வைப்பார்கள். சின்ன வயதில் இதைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கெல்லாம் ஜலதோஷம் போல என்று நினைத்திருக்கிறேன். பச்சைத்தோல், உப்பு, சுண்ணாம்பு, சாயத் தண்ணீர் என்று அந்த வாசனைக்குள்ளேயே பிறந்து, அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே தூங்கினோம். எங்களைப் பொறுத்தவரை அது வாசனையும் இல்லை, நாற்றமும் இல்லை. காற்று, அவ்வளவுதான்.

இந்தக் காற்றுக்குள்தான் என் மருமகள் வந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தபோது அங்கே வேலைக்கு வந்தவள். இரண்டு பேரும் விரும்பினார்கள், இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு வைகாசியில் கல்யாணத்தை முடித்தோம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான் தனியாகத்தான் இருந்தேன். அம்மாவைத் தனியாக விடக் கூடாது என்று மகன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு இங்கே ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் மறுபடியும் மூன்று தட்டு கழுவப் போகிறேன் என்பதே போதையாக இருந்தது.

எனக்குத் தெரிந்த பிரியாணிக் கடை பாய், புது மருமகளுக்கென்று மணக்க மணக்க ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பாய்க்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. முன்பெல்லாம் அவர் கடைத் தட்டில் மலை மாதிரி சோற்றைக் கொட்டுவார். வந்தவர்கள் கறியைத் தின்றுவிட்டுப் பாதிச் சோற்றை அப்படியே விட்டுப் போவார்கள். அந்த வாளியை ஒரு நாள் அவர் கல்லாவுக்கு எதிரிலேயே தூக்கி வைத்து, "பாய், இது நீங்க ஆக்கினதுதானே, பாருங்க" என்றேன். "தட்டு ரொம்பலன்னா கஞ்சப் பயன்னு சொல்வாங்கமா" என்றார். "மொதல்ல கம்மியா வையுங்க. கேட்டா மறுபடி வையுங்க. மறுபடி வைக்கிறவர எவன் கஞ்சன்னு சொல்வான்?" என்றேன். கொஞ்சம் யோசித்தார், சிரித்தார், அப்படியே செய்தார். வாளி லேசாகிவிட்டது. அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒனக்கு வர்ற சோறு கம்மியாயிடுச்சே, கோவமாம்மா?" என்று சீண்டுவார்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மருமகளுக்கு வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள். அதற்குள் ஜன்னல் வழியாக ஒரு காற்று வீசியது. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, "மன்னிச்சுக்கங்க அத்தை. பிரியாணி நல்லாத்தானுங்க இருக்குது. இந்த வாடைலதான் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்து தின்கிற பிரியாணி! அந்தப் பொட்டலம் மறுநாள் என் கையாலேயே கிடங்குத் தொட்டிக்குப் போனது. கம்பியைக் குத்தும்போது கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

ஏனென்றால் அவள் தினமும் அப்படித்தான் இருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள், அதிலும் பாதியைத் தட்டில் வைத்தாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மகன் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு வருஷம் பாக்கலாம்னு அவகிட்ட சொல்லி இருக்கேன்மா. அதுக்கு மேலயும் ஒத்துக்கலன்னா திருப்பூருக்கே போய்டலாம்னு இருக்கோம். நீயும் வந்துடு." நான் சரி என்றேன். ஆனால் நான் எங்கே போவது? இந்தக் கிடங்கை விட்டு, இந்த ஆவியை விட்டு நான் எங்கேயும் போகமாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதற்கு முன் ஆடி வேறு வருகிறது. ஆடிக்குப் புதுப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நல்ல காற்றுக்குப் போனவள் திரும்பி வருவாளா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிடங்குக்கும் வினை வந்தது. எங்களுக்கு அடுத்த சுவர் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி, ஆனி என்று முகூர்த்தம் நெருக்கியடித்த மாதங்கள். அந்த மண்டபத்திலிருந்து மட்டும் அண்டா அண்டாவாகச் சோறு வந்து விழுந்தது. ஒரு நாள் மண்டபத்துக்காரர் முகம் சிவக்க வந்து வாசலில் நின்றார். பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டார்களாம்.

"மூக்கப் பிடிச்சிக்கினு ஓடுறாங்கமா! பொணம் அழுகுற மாதிரி நாறுதாம். எம் மண்டபம் பேரு கெட்டுப் போச்சி. நீங்க எடத்த காலி பண்ணுங்க" என்றார்.

"இன்னாண்ணா, இந்த ஊருல வந்து நாத்தத்தப் பத்திப் பேசுறீங்க?" என்று நான் சிரித்துவிட்டேன். "உங்களுக்கு நாறுதா?"

அவர் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். "எனக்கு ஒண்ணும் தெர்ல" என்று முணுமுணுத்தார். "ஆனா வந்தவங்களுக்கு நாறுதே!"

விஷயம் சுகாதார ஆய்வாளர் வரை போனது. அவர் வேலூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனிதர், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். அவருக்கு இங்கே எல்லாமே ஒரே நாற்றமாகத் தெரிந்தது, எது எங்கிருந்து என்று பிரிக்கத் தெரியவில்லை. ஆடி பிறப்பதற்குள் சரி செய்யாவிட்டால் கிடங்கை மூடிவிட்டு, மொத்தச் சோற்றையும் ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் கொட்ட வேண்டியதுதான் என்றார். குப்பை மேட்டில் கொட்டினால் சோறு மண்ணாகாது. பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மாதக் கணக்கில் புகையும்.

நானும் அக்காவும் ஒவ்வொரு தொட்டியாகக் கிளறினோம். குனிந்து மோந்து பார்த்தோம். காய்ந்த இலையைக் கூடுதலாகப் போட்டோம். சாணியைக் கரைத்து ஊற்றினோம். "நல்லாத்தானே கீது" என்றாள் அக்கா. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பெரிய பேஜார். இல்லாத நாற்றத்தை எங்கே போய்த் தேடுவது?

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது மருமகள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்துக்காக இல்லை, காற்றுக்காக. எனக்குச் சட்டென்று பட்டது. இந்த ஊரிலேயே வேலை செய்கிற ஒரே மூக்கு என் வீட்டில் அல்லவா இருக்கிறது! ஆனால் கேட்க வாய் வரவில்லை. வாடை தாங்காமல் இளைத்துப் போகிற பெண்ணை, வா, வந்து குப்பையை மோந்து பார் என்று எந்த மாமியார் கூப்பிடுவாள்? சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுக்கேனுங்க அத்தை இத்தன யோசன? போலாம் வாங்க. எப்பிடியும் நாறத்தான போகுது, பக்கத்துல போயே பாத்துட்டு வந்தர்லாம்."

மறுநாள் காலை ஆவிக்கு நடுவே அவள் நடந்ததை நான் இன்னும் கனவில் பார்ப்பது போலத்தான் நினைத்துக்கொள்கிறேன். துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டித் தொட்டியாக நின்று, நின்று, மெதுவாக நகர்ந்தாள். முதல் தொட்டியில், "இது புளிச்ச மாவுங்க. நேத்து போட்டதுங்களா?" என்றாள். நேற்றுப் போட்டதுதான். அடுத்ததில், "வெல்லப்பாகு காயற மாதிரி இருக்குதுங்க" என்றாள். இன்னொன்றில் தலையை உள்ளே நீட்டி ரொம்ப நேரம் நின்றாள். "அத்தை, இதுல மழ வருதுங்க. எங்கூர்ல மொத மழைக்கு வர்ற மண்ணு வாசம்." அது சலிக்கத் தயாராக இருந்த உரம். எத்தனையோ தடவை அந்த உரத்தைக் கையில் அள்ளியிருக்கிறேன். கறுப்பு, ஈரம், உதிரி என்று கண்ணுக்கும் கைக்கும் தெரியும். அதில் மழை இருப்பது எனக்குத் தெரியாது. நாங்கள் செய்வது என்ன என்று முதல் தடவையாக ஒருத்தி சொல்லக் கேட்டேன்.

மண்டபச் சுவரை ஒட்டிய கடைசித் தொட்டிக்குப் போனவள் பின்னால் துள்ளினாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது சோறு இல்லீங்க அத்தை. இது வேற என்னமோ."

நான் போய்க் குனிந்தேன். ஆழமாக மூச்சை இழுத்தேன். எனக்கு அப்பா வாசனை வந்தது. சாயங்காலம் அப்பா சுண்ணாம்புத் தொட்டி வேலை முடிந்து வாசலில் நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவாரே, அந்தச் சட்டை. நான் ஓடிப்போய் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் சட்டை. அந்தத் தொட்டியின் மேல் குனிந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன், என் மருமகள் வேப்ப மரத்தடியில் குமட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. சோற்றுத் தொட்டியில் அப்பாவுக்கு என்ன வேலை?

அக்கா பக்கம் திரும்பினேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"கல்யாணச் சோறு சொதசொதன்னு கெடந்து சூடே ஏறல. சாணியும் கம்மியா இருந்திச்சி. ஷாப்புலருந்து நாலு கூடை ஜவ்வு வாங்கியாந்து போட்டேன். எங்கப்பா தென்ன மரத்துக்கு அதத்தானே போடுவாரு? மரம் சும்மா ஜம்முனு வரும்" என்றாள்.

ஜவ்வு என்றால் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சீவி எடுக்கிற கொழுப்பும் சதையும். மண்ணுக்கு அடியில் ஆழமாகப் புதைத்தால் சரி. ஈரச் சோற்றோடு சேர்த்து மூடாமல் வைத்தால் அழுகும், அழுகி ஊரைக் கூட்டும். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு தப்பு நடக்குமா? நடந்தாலும் அடுத்த நாளே மூக்கு காட்டிக் கொடுத்திருக்காதா? அக்காவைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிட்டது. நானும்தானே தினமும் அதன் மேல் குனிந்து நல்லாத்தான் இருக்கு என்றேன்! அவள் அப்பா, என் அப்பா, இரண்டு பேர் சட்டையும் ஒன்றுதான்.

அந்தத் தொட்டியை மொத்தமாக வாரி, கரையோரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ஒருவரிடம் சொல்லி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். தொட்டியைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, புதிதாக அடுக்கினோம். மண்டபத்துக்கு அடுத்து வந்த வெளியூர் விருந்தாளிகள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் போட்டுக்கொண்டு போனார்கள். ஆய்வாளர் வந்து கைக்குட்டையை ஒரு நொடி எடுத்து மோந்துவிட்டு, "இப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். கிடங்கு பிழைத்தது.

ஆடி பிறந்தது. மருமகளின் அப்பாவும் அம்மாவும் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். ஜோலார்பேட்டை வரை போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி கிளம்பியதும் அவள் முகம் தெளிந்து மலர்ந்ததைப் பார்த்தேன். பெண்ணுக்கு அம்மா வீடு போகிற சந்தோஷம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்கக் கிடங்கில் நான் சாய்ந்து உட்காரவே இல்லை. மழை என்று அவள் சொன்ன உரத்தை அள்ளி அள்ளி மோந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் அவளே போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, கடைசித் தொட்டி இப்ப எப்பிடீங்க இருக்குது?"

"எனக்கு இன்னாமா தெரியும்? எனக்குத்தான் மூக்கே இல்லியே."

அவள் சிரித்தாள். "இருங்க, வந்து பாக்கறனுங்க" என்றாள். போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆவணியில் வந்தாள். எனக்காக வரவில்லை, என் மகனுக்காகத்தான் வந்தாள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ரயிலடியில் இறங்கியதுமே துப்பட்டா மூக்குக்குப் போனது. ஆனால் மறுநாளே என்னோடு கிடங்குக்குக் கிளம்பினாள், குழுவிலும் சேர்ந்தாள். அவள் மூக்கு கிடங்கோடு நிற்கவில்லை. வண்டியில் வரும் வாளிகளையும் மோந்தாள். ஒரு நாள் மண்டபத்து வாளி முன்னால் நின்று, "இதுல எல வாசமே இல்லீங்க. இது யாருக்கும் பரிமாறுனதே இல்ல. அண்டாலருந்து நேரா நம்மகிட்ட வந்திருக்குது" என்றாள். இலையில் விழுந்து மீந்தது வேறு, இலைக்கே போகாதது வேறு என்று நாங்கள் அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. மண்டபத்துக்காரரிடம் போய், கடைசிப் பந்தி முடிந்ததும் மூடி திறக்காத அண்டா இருந்தால் உடனே ஒரு போன் போடுங்கள் என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்தச் சோறு சூடு ஆறுவதற்குள் ஷூ கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதிக்குப் போகிறது. எடத்தைக் காலி பண்ணு என்றவர் இப்போது அவளைப் பார்த்தால், "வாம்மா பொண்ணே, காபி சாப்புடு" என்கிறார்.

எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது. கிடங்குக்கு அவள் மூக்கு வேண்டும். என் வீட்டுக்கோ அது போய்த் தொலைய வேண்டும். அவள் சரியாக மோந்து சொல்லும்போதெல்லாம் ஆகா என்பேன். அதே நிமிடம், இன்னும் இவளுக்கு இந்த ஊர் நாறுகிறதே, அந்த ஒரு வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று நாளை எண்ணுவேன். சாப்பிடும்போது ஓரக்கண்ணால் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். புரட்டாசி, ஐப்பசி, தை என்று மாதங்கள் போயின. மகன் திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை, எடுக்காமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பங்குனி வெயில் சுள்ளென்று அடித்த ஒரு மத்தியானம். நானும் அக்காவும் அவளும் வேப்ப மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சோறு, கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். பச்சைத்தோல் ஏற்றிய ஒரு லாரி சரியாக எங்கள் வாசலில் வந்து பஞ்சராகி நின்றது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிச் சாலையில் ஓடியது. மண்டபத்தில் ஏதோ நிச்சயதார்த்தம். வாசலில் நின்ற வெளியூர்க்காரர்கள் ஐயோ ஐயோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒரு பெண்மணி வாந்தியே எடுத்துவிட்டாள்.

நான் பதறிப்போய் மருமகளைப் பார்த்தேன். அவள் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். ஓடியவர்களை நிமிர்ந்து பார்த்து, "இவிங்களுக்கு என்னாச்சு?" என்றாள்.

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"இன்னா அத்தை, சாப்புடாம பாத்துக்கினு இருக்கீங்க? கொழம்பு நல்லா இல்லியா?" என்றாள். தட்டை ஒரு பருக்கை விடாமல் வழித்து, விரலைச் சூப்பிவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.

நான் அழுதேன். அக்கா பயந்துபோய், "இன்னாடி, இன்னாச்சி?" என்று முதுகைத் தடவினாள். இனி இவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள், அந்தச் சந்தோஷம்க்கா என்றேன். அது நிஜம்தான். நான் வேண்டிக்கொண்டதுதான் நடந்தது. ஆனால் பொள்ளாச்சிக் காற்றில் வளர்ந்து, எங்கள் உரத்தில் மழை இருக்கிறது என்று சொன்ன மூக்கை என் ஊர் தின்று முடித்துவிட்டது, அதற்காகவும்தான் அழுதேன்.